சான்றிதழில் 'ஜெயா' எப்படி 'ஜயொ' ஆனார்? படத்தின் மேல் தமிழ் எழுதும் புரோகிராமில் நடக்கும் கூத்து

பள்ளிக்கூட ஆண்டு விழா. மேடையில் கைதட்டலோடு வாங்கிய சான்றிதழை மாணவி ஆசையாக வீட்டுக்கு கொண்டு வருகிறார். கண்ணாடி போட்டு சுவரில் மாட்டலாம் என்று அப்பா கையில் வாங்கி பார்க்கிறார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜயொ' என்று இருக்கிறது.

"என்னம்மா இது? உன் பேரு ஜெயாதானே. யாரோ ஐயோன்னு கத்துற மாதிரில்ல அடிச்சு வச்சிருக்காங்க" என்று கோபத்தோடு அவர் பள்ளிக்கூடத்துக்கு கிளம்புகிறார். அங்கே ஏற்கனவே நாலு பேர் நிற்கிறார்கள். சேகர் என்ற மாணவன் 'சகேர்' ஆகி இருக்கிறான். மேகலா 'மகேலா' ஆகி விட்டாள். ரேவதி 'ரவேதி'. சைமன் 'சமைன்'.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வகுப்பில் படிக்கும் கமலாவுக்கும் வனஜாவுக்கும் ஒரு குறையும் இல்லை. அவர்கள் பெயர் முத்து முத்தாக இருக்கிறது.

ஆசிரியர்கள் கம்ப்யூட்டர் சென்டர்காரரை கை காட்டுகிறார்கள். அவரோ, "சார், நான் லிஸ்ட்டை சரியாத்தான் அடிச்சேன். நீங்களே பாருங்க" என்று எக்செல் பட்டியலை திறந்து காட்டுகிறார். அதில் ஜெயா ஜெயாவாகத்தான் இருக்கிறார். சேகரும் சேகர்தான்.

இது ஏதோ ஒரு ஊரில் ஒரு நாள் நடக்கிற கதை அல்ல. சான்றிதழ், அடையாள அட்டை, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி என்று புரோகிராம் வைத்து படத்தின் மேல் தமிழ் பெயர் எழுதும் எந்த இடத்திலும் நடக்கக்கூடியது. டைப் அடித்தவர் மேல் தப்பு இல்லை. பட்டியலிலும் தப்பு இல்லை. அப்படியானால் கொம்பை தூக்கி அடுத்த எழுத்தின் தலையில் கட்டியது யார்?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஐந்தே வரியில் 300 சான்றிதழ்

முன்பெல்லாம் டி.டி.பி. சென்டர்களில் பேஜ்மேக்கர், கோரல்டிராவில் ஒரு சான்றிதழை செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக மாற்றி மாற்றி பிரிண்ட் எடுப்பார்கள். 300 பேர் என்றால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். இப்போது கொஞ்சம் கம்ப்யூட்டர் படித்த பையன்கள் 'பைத்தான்' மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, டீ குடித்து வருவதற்குள் வேலையை முடித்து விடுகிறார்கள்.

இதற்கு அவர்கள் பயன்படுத்துவது 'பில்லோ' என்ற லைப்ரரி. லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைத்து விடக்கூடாது. யாரோ ஏற்கனவே எழுதி, சோதித்து, இலவசமாக கொடுத்திருக்கும் புரோகிராம் மூட்டை அது. படத்தை திறப்பது, வெட்டுவது, சுருக்குவது, அதன்மேல் எழுதுவது எல்லாம் அந்த மூட்டைக்குள் தயாராக இருக்கும். எடுத்து பயன்படுத்த வேண்டியதுதான்.

இதன் பூர்வீகம் 1995-ம் ஆண்டு. சுவீடன் நாட்டை சேர்ந்த பிரடரிக் லுந்த் 'பைத்தான் இமேஜிங் லைப்ரரி' என்று ஒன்றை தொடங்கினார். சுருக்கமாக பி.ஐ.எல். அதன் கடைசி பதிப்பு 2009-ல் வந்ததோடு நின்றது. 2010-ல் ஜெப்ரி கிளார்க் அதை கையில் எடுத்து 'பில்லோ' என்ற பெயரில் நடத்த ஆரம்பித்தார். பில்லோ என்றால் தலையணை. தலையணைக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லை, பி.ஐ.எல். என்ற மூன்று எழுத்தும் அந்த பெயருக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். லுந்த் 2021-ல் காலமானார். அவர் போட்ட அஸ்திவாரம் இன்னும் நிற்கிறது.

வேலை நடக்கும் விதம் ரொம்ப எளிது. முதல் வரியில் பெயர் இல்லாத வெறும் சான்றிதழ் படத்தை 'இமேஜ் ஓபன்' என்று திறக்க வேண்டும். அடுத்த வரியில் எந்த எழுத்துரு, என்ன அளவு என்று 'இமேஜ்பான்ட்' பகுதியிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது வரியில் 'இமேஜ்டிரா' என்ற பேனாவை கையில் எடுக்க வேண்டும். நாலாவது வரியில் இந்த இடத்தில், இந்த பெயரை, இந்த கலரில் எழுது. கடைசி வரியில் சேமித்து வை. இதையே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் திருப்பி திருப்பி செய் என்று சொன்னால் முடிந்தது.

இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெறும் படத்தை ஒவ்வொரு பெயருக்கும் புதிதாக திறக்க வேண்டும். ஒரு தடவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே போனால், இரண்டாவது சான்றிதழில் இரண்டு பெயர் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். 300-வது சான்றிதழில் 300 பேரும் ஒரே இடத்தில் மோதி கருப்பாக மை கொட்டியது போல நிற்பார்கள்.

இடம் சொல்லும் கணக்கும் நம்ம பள்ளிக்கூட கணக்கு அல்ல. படத்தின் இடதுபக்க மேல் மூலைதான் பூஜ்ஜியம். அங்கிருந்து வலது பக்கம் எத்தனை புள்ளி, கீழே எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டும். கிராப் பேப்பரில் மேலே போனால்தான் எண் கூடும். இங்கே கீழே போனால் கூடும்.

அளவிலும் கவனம் தேவை. படுக்கை வாட்டில் ஒரு ஏ4 தாள் தெளிவாக பிரிண்ட் ஆக வேண்டும் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அகலம் 3508, உயரம் 2480 புள்ளி இருக்க வேண்டும். பேஜ்மேக்கரில் 48 சைஸ் வைத்து பழகியவர்கள் இங்கேயும் 48 என்று கொடுத்தால் பெயர் எறும்பு அளவுக்கு வரும். இங்கே சைஸ் என்பது புள்ளி கணக்கு. பழைய 48-க்கு இங்கே 200 கொடுக்க வேண்டும். வாட்ஸ்-அப்பில் வந்த படத்தை அப்படியே வைத்து வேலையை ஆரம்பிப்பவர்களும் உண்டு. ஸ்கிரீனில் ஜோராக இருக்கும், தாளில் மங்கி விடும்.

கொம்பு எங்கே போனது?

இனி விஷயத்துக்கு வருவோம்.

'ஜெ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. அதற்கு பிறகுதான் 'ஜ'. பழைய தமிழ் டைப்ரைட்டரில் தட்டியவர்களை கேட்டால் சொல்வார்கள், முதலில் கொம்பு கட்டையை அடித்து விட்டு அப்புறம் எழுத்தை அடிக்க வேண்டும். கண்ணுக்கு தெரிகிற வரிசைதான் கைக்கும் வரிசை.

ஆனால் இன்று உலகம் முழுக்க செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கும் 'யூனிகோடு' முறையில் கதை வேறு. அதில் தமிழுக்கு ஒதுக்கிய இடமே மொத்தம் 128-தான். தமிழ் எழுத்தோ 247. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் கிடையாது. ஆகவே உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறார்கள். முதலில் 'ஜ', அதற்கு பிறகு 'எ' ஓசைக்கான கொம்பு. உள்ளே இருக்கும் வரிசை ஒன்று, கண்ணுக்கு தெரிய வேண்டிய வரிசை வேறு.

நடுவில் ஒரு ஆள் இருந்து கொம்பை தூக்கி எழுத்துக்கு இடது பக்கம் வைக்க வேண்டும். எக்செல்லில், செல்போனில், இந்த செய்தியை நீங்கள் படிக்கிற திரையில் அந்த ஆள் சத்தமில்லாமல் வேலை செய்கிறான். அதனால்தான் அப்படி ஒருவன் இருப்பதே நமக்கு தெரிவதில்லை.

பில்லோவில் எழுத்தை அடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று 'பேசிக்'. இன்னொன்று 'ரக்ம்'. பேசிக் வழிக்கு ஆங்கிலம்தான் கணக்கு. உள்ளே என்ன வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போகும். ஜ வைத்தது, கொம்பு வைத்தது, ய வைத்தது, கால் வைத்தது. பார்ப்பவர் கண்ணுக்கு கொம்பு 'ய' உடையது. கொம்பு, ய, கால் மூன்றும் சேர்ந்தால் என்ன? 'யொ'. ஜெயா 'ஜயொ' ஆனது இப்படித்தான். சேகரின் இரட்டைக்கொம்பு அதே மாதிரி 'க' மேல் போய் ஏறிக்கொண்டது.

இனிஷியல் தமிழில் இருந்தால் இன்னும் மோசம். 'ஜெ.' என்பதில் கொம்புக்கு அடுத்து எழுத்தே இல்லை, புள்ளிதான் இருக்கிறது. கொம்பு போய் புள்ளியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பெயருக்கு பின்னால் 'கே' என்று போட்டால் இரட்டைக்கொம்பு அனாதையாக கடைசியில் தொங்கும்.

தப்பித்த கமலா

கமலா ஏன் தப்பித்தார் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. க, ம, ல, அப்புறம் ஒரு கால். கால் எழுத்துக்கு வலது பக்கம்தான் வரும். உள்ளே இருக்கும் வரிசையும் கண்ணுக்கு தெரியும் வரிசையும் ஒன்று. ஆகவே கமலா, வனஜா, ரமா, சரளா எல்லாரும் பிழைத்தார்கள்.

மற்றவர்கள் நிலை என்ன என்று கணக்கு போட்டு பார்த்தால் திக்கென்று இருக்கிறது. எ, ஏ, ஐ வரிசைக்கு இடது பக்கம் கொம்பு. ஒ, ஓ, ஔ வரிசைக்கு இரண்டு பக்கமும் உறுப்பு. ஆக ஆறு வரிசை, 18 மெய். மொத்தம் 108 எழுத்து. உயிர்மெய் 216-ல் சரிபாதி!

இதோடு முடியவில்லை. 'மு', 'ரு', 'கூ' மாதிரி உகர, ஊகார எழுத்துக்கள் இன்னொரு 36. இவற்றில் வடிவமே மாறும். 'க' ஒரு மாதிரி சுழிக்கும், 'த' வேறு மாதிரி, 'ர' இன்னொரு மாதிரி. 1978-ல் தமிழக அரசு எழுத்து சீர்திருத்தம் கொண்டு வந்தபோதுகூட லை, ணை, னா போன்றவற்றைத்தான் மாற்றினார்கள், உகர ஊகார எழுத்துக்களை தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் எழுத்துருவுக்குள் இருக்கிறது. 'ம'வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் எடுத்து விட்டு 'மு'வை வை என்ற விதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. பேசிக் வழிக்கு அந்த விதியை படிக்க தெரியாது. 'முருகன்' என்றால் ம தனியாக, பக்கத்தில் ஒரு கொக்கி, ர தனியாக, பக்கத்தில் இன்னொரு கொக்கி என்று வரும்.

108-ம் 36-ம் சேர்ந்தால் 144. மூன்றில் இரண்டு பங்கு உயிர்மெய் எழுத்து கெட்டுப்போகும். மெய்யெழுத்தின் புள்ளி தலைமேல் உட்காராமல் கொஞ்சம் நகர்ந்து நிற்பது எழுத்துருவை பொறுத்தது. 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டும் பிரிந்து போகும்.

சோதனை பார்க்கும்போது பையன்கள் 'கமலா' என்றோ தன் பெயரையோ போட்டு பார்ப்பார்கள். நன்றாக வந்தால் "ஓ.கே." என்று 300-க்கும் ஓட விடுவார்கள். புரோகிராம் ஒரு எச்சரிக்கையும் காட்டாமல் ஓடி முடியும். அதுதான் இதில் பெரிய ஆபத்து. தப்பு நடந்தால் நின்று போகிற புரோகிராம் நல்ல புரோகிராம். இது சிரித்துக்கொண்டே தப்பு செய்கிறது.

வேலைக்கு வராத ஆள்

'ரக்ம்' என்பதுதான் நாம் தேடுகிற அந்த நடு ஆள். ரக்ம் என்பது அரபு சொல். எழுத்து, எண் என்று இரண்டு பொருளும் உண்டு. பில்லோவில் 2017-ல் வந்த 4.2 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது.

ரக்ம் தனியாக வேலை செய்வது இல்லை. அதற்கு கீழே மூன்று பேர் இருக்கிறார்கள். எழுத்துருவில் உள்ள விதிகளை படித்து கொம்பை இடம் மாற்றி, சுழிகளை சேர்ப்பவர் 'ஹார்ப்பஸ்'. நமக்கு வேண்டிய முக்கிய ஆசாமி இவர்தான். கூகுள் குரோம், பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு போன், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் எழுத்தை சேர்ப்பது இவரே. கோட்டை போட்டு கருப்பு அடிப்பவர் 'ப்ரீடைப்'. மூன்றாவது ஆள் 'ப்ரீபிடி'. அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கு எது முதலில் எது பின்னால் என்று பார்ப்பது இவர் வேலை.

தமிழ் இடமிருந்து வலமாகத்தான் போகிறது. ப்ரீபிடிக்கு நம்மிடம் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. ஆனால் மூவரும் வந்தால்தான் ரக்ம் கடையை திறப்பார். ஒருவர் வரவில்லை என்றாலும் கடை அடைப்பு. பில்லோ உடனே பேசிக் வழிக்கு இறங்கி விடும்.

இங்கேதான் விண்டோஸ்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2021-ல் வந்த 8.2 பதிப்பில் இருந்து பில்லோவை இறக்கினாலே ரக்மும் ஹார்ப்பஸும் கூடவே வந்து விடுகின்றன. ப்ரீபிடி மட்டும் வராது. அது கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருந்தால் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருக்கும். விண்டோஸில் நாமாக தேடி 'ப்ரீபிடி.டிஎல்எல்' என்ற பைலை கொண்டு வந்து சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

கல்லூரியில் லினக்ஸ் கம்ப்யூட்டரில் எழுதி, அழகாக வந்த புரோகிராமை பையன் பென் டிரைவில் போட்டு கடைக்கு கொண்டு வருவான். கடையில் விண்டோஸ். அதே புரோகிராம், அதே எழுத்துரு, அதே பட்டியல். பெயர் மட்டும் சிதறி விழும். "அங்க நல்லா வந்துச்சுண்ணே" என்று அவன் சத்தியம் செய்வது பொய் அல்ல.

கண்டுபிடிக்க வழி ரொம்ப சுலபம். பில்லோவிலேயே 'பீச்சர்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் 'செக்' போட்டு ரக்ம் இருக்கிறதா என்று கேட்டால் 'ட்ரூ' அல்லது 'பால்ஸ்' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். பால்ஸ் என்று வந்தால் ஒரு தாளைக்கூட பிரிண்டருக்கு அனுப்பக்கூடாது. விவரம் தெரிந்தவர்கள் புரோகிராமின் முதல் வரியிலேயே இந்த கேள்வியை வைத்து, பால்ஸ் என்றால் அங்கேயே நிறுத்தும்படி எழுதி விடுகிறார்கள்.

ப்ரீபிடி பைலை தேடி அலைய முடியாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. சான்றிதழை ஒரு வெப் பக்கம் மாதிரி எழுதி, குரோமில் திறந்து அங்கிருந்து படமாகவோ பி.டி.எப். ஆகவோ எடுத்துக்கொள்ளலாம். குரோமுக்குள் ஹார்ப்பஸ் இருப்பதால் கொம்பு பற்றி கவலை இல்லை.

பாமினி செய்த மாயம்

பழைய டி.டி.பி. கைகள் சிலர், "எங்க பாமினியில இந்த பிரச்சினையே இல்லையே" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

பாமினி போன்ற எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தியவை. ஆங்கில எழுத்துக்கள் இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து விட்டார்கள். டைப்ரைட்டர் மாதிரி கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிக்கும் முறை. உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் ஒரே வரிசை. ஆகவே பேசிக் வழியிலேயே பில்லோ சரியாக எழுதி விடும். யூனிகோடு பட்டியலை பாமினிக்கு மாற்றி, அதை வைத்து சான்றிதழ் அடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குறுக்கு வழிதான், ஆனால் வேலை செய்கிற குறுக்கு வழி.

அதில் உள்ள சங்கடம் வேறு. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த பட்டியலை திறந்தால் ஆங்கில எழுத்து தாறுமாறாக தெரியும். பெயரை தேடவும் முடியாது, அகர வரிசைப்படி அடுக்கவும் முடியாது. அதனால் மூலப் பட்டியலை யூனிகோடிலேயே வைத்துக்கொண்டு, எழுதும் நேரத்தில் மட்டும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி இடம் கொடுக்கும் 'டேஸ்-16' என்ற முறையும் உண்டு. 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் இதையும் அரசு முறைகளாக அறிவித்தது. அதில் கொம்பு பிரச்சினை எழவே எழாது. ஆனால் அதற்கென்று தனி எழுத்துரு வேண்டும். சாதாரண செல்போனில் அடித்து அனுப்பிய பட்டியல் யூனிகோடில்தான் வரும்.

கட்டமும் கேள்விக்குறியும்

சில சமயம் பெயர் சிதறுவதற்கு பதில் கட்டம் கட்டமாக வரும். இது கொம்பு பிரச்சினை அல்ல. எடுத்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று அர்த்தம். ஏரியல் எழுத்துருவில் தமிழ் கிடையாது. வேர்டில் ஏரியல் வைத்து தமிழ் அடித்தால் வருகிறதே என்று கேட்கலாம். வேர்டு சத்தமில்லாமல் வேறு எழுத்துருவிடம் கடன் வாங்கி காட்டுகிறது. பில்லோவுக்கு கடன் வாங்கும் பழக்கம் இல்லை. கொடுத்த எழுத்துருவில் இல்லை என்றால் கட்டம்தான்.

விண்டோஸில் நிர்மலா எழுத்துரு கூடவே வருகிறது. கூகுளின் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' இலவசமாக கிடைக்கிறது. இவற்றில் எதை எடுத்தாலும் தமிழ் விதிகள் உள்ளே இருக்கும். ஆனால் தமிழ் எழுத்து மட்டும் வைத்திருக்கும் எழுத்துருக்களும் உண்டு. அவற்றில் 'கே.' என்பதை ஆங்கில எழுத்தில் போட்டால் அந்த இனிஷியல் மட்டும் கட்டமாகி விடும்.

கேமரா, வீடியோ வேலைகளுக்கு பயன்படும் 'ஓப்பன்சி.வி.' என்ற இன்னொரு லைப்ரரியை வைத்து எழுதுபவர்களுக்கு கேள்விக்குறியாக வரும். அதில் 'புட்டெக்ஸ்ட்' எழுதுவது ஹெர்ஷி கோட்டு எழுத்தில். 1960-களில் அமெரிக்காவில் ஆலன் ஹெர்ஷி உருவாக்கிய எழுத்து. தமிழ் அதற்கு தெரியாது. படத்தை பில்லோவுக்கு மாற்றி, பெயரை எழுதி, திரும்ப கொண்டு வருவார்கள்.

வால் வெட்டுப்பட்ட முத்துலட்சுமி

ரக்ம் வந்து, எழுத்துருவும் சரியாக இருந்தும் ஒரு பெயர் கெடலாம். அது நீளப் பிரச்சினை.

பெயர் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று சிலர் '12 எழுத்துக்கு மேல் வெட்டு' என்று எழுதி வைப்பார்கள். முத்துலட்சுமி என்பதை நாம் எண்ணினால் ஏழு எழுத்து. கம்ப்யூட்டர் எண்ணினால் 13. உகரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். 12-ல் வெட்டினால் கடைசி இகரம் போய் 'முத்துலட்சும' என்று நிற்கும். பூங்கோதை நமக்கு நான்கு எழுத்து, அதற்கு எட்டு.

எழுத்தை எண்ணாமல் அகலத்தை அளப்பதுதான் முறை. பில்லோவில் 'டெக்ஸ்ட்லெங்த்' என்று கேட்டால் இந்த பெயர் எத்தனை புள்ளி அகலம் பிடிக்கும் என்று சொல்லி விடும். அதிகமாக இருந்தால் சைஸை கொஞ்சம் கொஞ்சமாக குறைத்து அடக்கலாம். பெயரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. பழைய பாடங்களை பார்த்து எழுதுபவர்கள் 'டெக்ஸ்ட்சைஸ்' என்று போடுவார்கள். அது 2023-ல் வந்த 10-வது பதிப்பில் நீக்கப்பட்டு விட்டது. போட்டால் புரோகிராம் பிழை காட்டி நின்று விடும். நின்றால் நல்லதுதான், தாள் மிச்சம்.

சோதனைக்கு 'கமலா' கூடாது

ஆகவே சோதனை பார்க்கும் பெயரை யோசித்து எடுக்க வேண்டும். பூங்கோதை என்ற ஒரே பெயரில் ஊகாரம், இரண்டு பக்க உறுப்பு, இணைக்கொம்பு மூன்றும் இருக்கின்றன. அதோடு ஜெயா, சேகர், கௌரி, முருகன், ஸ்ரீதர், லக்ஷ்மி, 'கே.' என்ற இனிஷியல். இந்த எட்டையும் முதலில் ஓட்டி, தாளில் எடுத்து, கம்ப்யூட்டரை அறியாத ஒருவரிடம் கொடுத்து சத்தமாக படிக்க சொன்னால் போதும். எழுதியவர் கண்ணுக்கு தப்பு தெரியாது. மனதில் இருப்பதையே அவர் படிப்பார்.

ஏற்கனவே அடித்து கொடுத்த சான்றிதழை மாற்றுவதில் பெரிய வேலை இல்லை. எக்செல் பட்டியல் சரியாக இருப்பதால் யாரும் திரும்ப டைப் அடிக்க வேண்டியதில்லை. ரக்ம் ஓடுகிற கம்ப்யூட்டரில் அதே புரோகிராமை மறுபடி ஓட விட்டால் சில நிமிடத்தில் 300-ம் வந்து விடும். செலவு தாளும் மையும்தான். அதை பள்ளிக்கூடம் கொடுப்பதா, கடைக்காரர் கொடுப்பதா என்பதில்தான் பேச்சு வளரும்.

கண்ணீர் அஞ்சலி படத்துக்கு அந்த வசதியும் இல்லை. இறந்தவர் பெயரை தப்பாக போட்ட படம் விடிவதற்குள் சொந்தக்காரர்கள் எல்லார் செல்போனுக்கும் போய் சேர்ந்திருக்கும். திருத்திய படத்தை அனுப்பினாலும், முதலில் வந்த படம் அவரவர் போனில் அப்படியே இருக்கும்.